போரில் ஜெயித்த பிரிட்டன் அமைதிக் காலத்தில் ஏன் தடுமாறியது? (1919–1939)

#1 திண்ணைவாசி

இரண்டு உலகப் போர்களுக்கு நடுவில் கிடந்த இருபது வருடம் என்றாலே பேச்சு நேராக ஜெர்மனிக்குப் போய்விடுகிறது. கூடை நிறைய நோட்டைத் தூக்கிக்கொண்டு ரொட்டி வாங்கப் போன கதை எல்லோருக்கும் தெரியும். எனக்குக் குழப்பம் தருவது தோற்ற நாடு அல்ல, ஜெயித்த நாடு.

பிரிட்டனைப் பாருங்கள். 1920களில் அமெரிக்கா காரும் ரேடியோவுமாகக் கொண்டாடிக்கொண்டிருக்கிறது. அதே நேரம் பிரிட்டனில் வேலையில்லாதவர்களின் எண்ணிக்கை பத்து லட்சத்தை ஒட்டியே வருடக்கணக்கில் நிற்கிறது. 1930களில் உலகமே குப்புற விழுகிறது. பிரிட்டனும் விழுகிறது, ஆனால் அமெரிக்கா விழுந்த அளவுக்கு இல்லை. சீக்கிரமாக எழுந்தும் விடுகிறது. ஊர் விளைந்தபோது பட்டினி, ஊர் காய்ந்தபோது சாப்பாடு. இது எப்படி?

பாடப்புத்தகப் பதில் வேண்டாம். நீளமாக எழுதினாலும் படிக்கிறேன்.

#2 பழையரூபாய்

நாணயம் சேர்க்கிறவன் என்பதால் நாணயத்திலிருந்தே தொடங்குகிறேன்.

நகைக்கடையில் 'சவரன் என்ன விலை' என்று கேட்கிறோமே, அந்தச் சவரன் பிரிட்டனின் ஒரு பவுண்டு தங்கக் காசு. கிட்டத்தட்ட எட்டு கிராம். 1914க்கு முன்னால் இங்கிலாந்து வங்கியில் ஐந்து பவுண்டு நோட்டை நீட்டினால் ஐந்து சவரனை எண்ணிக் கையில் வைப்பார்கள். ஒரு பவுண்டுக்கு 4.86 டாலர் என்ற விகிதமும் தங்க எடையை வைத்து வந்ததுதான். இதைத் தங்கத் திட்டம் என்பார்கள்.

போர் வந்ததும் இது நடைமுறையில் நின்றுபோனது. அரசு கடன் வாங்கிக் குவித்தது. போருக்கு முன் 65 கோடி பவுண்டாக இருந்த தேசியக் கடன், போர் முடிந்த கையோடு 700 கோடியைத் தாண்டியது. விலைவாசி இரண்டு மடங்குக்கு மேல் போனது. 1920 தொடக்கத்தில் பவுண்டுக்கு மூன்றரை டாலர்கூடக் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில்தான் தப்பு நடந்தது என்பது என் கட்சி. பணத்தின் மதிப்பு விழுந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டு, விழுந்த இடத்திலேயே நிறுத்தியிருக்கலாம். பிரான்ஸ் பின்னால் அதைத்தான் செய்தது. பிராங்கைப் போருக்கு முந்தைய மதிப்பில் ஐந்தில் ஒரு பங்காக நிறுத்தி, அப்புறம் நிம்மதியாக ஏற்றுமதி செய்தது. லண்டனுக்கு அது மானப் பிரச்சினை. 4.86க்கே திரும்ப வேண்டும் என்று 1918லேயே ஒரு குழு பரிந்துரைத்துவிட்டது. அங்கே போக வேண்டுமானால் உள்நாட்டு விலையும் கூலியும் இறங்க வேண்டும். அதனால் 1920 ஏப்ரலில் வங்கி வீதத்தை, அதாவது இங்கிலாந்து வங்கி கடன் கொடுக்கும் வட்டியை, 7 சதவீதத்துக்கு ஏற்றினார்கள், அரசுச் செலவைக் கோடாலி போட்டு வெட்டினார்கள். 1921 நடுவில் வேலையில்லாதவர்கள் இருபது லட்சத்துக்கு மேல்.

1925 ஏப்ரல் 28. நிதியமைச்சர் சர்ச்சில் பட்ஜெட் உரையில் பழைய விகிதத்துக்கே தங்கத் திட்டம் திரும்புகிறது என்று அறிவித்தார். ஆனால் இந்த முறை சவரன் கிடையாது. தங்கம் வேண்டுமானால் 400 அவுன்ஸ் கட்டியாகத்தான் வாங்க முடியும். ஒரு கட்டி சுமார் 1,700 பவுண்டு. அந்தக் காலத் தொழிலாளி அதைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டான். தங்கம் வங்கிக்காரர்களுக்குத் திரும்பியது, அதற்கான விலையை மற்றவர்கள் கொடுத்தார்கள்.

#3 சுரங்கவிளக்கு

அந்த 'மற்றவர்கள்' யாரென்று நான் சொல்கிறேன்.

அன்றைக்குப் பிரிட்டனில் பத்து லட்சத்துக்கு மேல் ஆட்கள் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தார்கள். வெட்டிய கரியில் கணிசமான பங்கு கப்பலேறியது. 1925ல் பவுண்டின் மதிப்பு சுமார் 10 சதவீதம் கூடுதலாக நிர்ணயிக்கப்பட்டது என்று பொருளாதார அறிஞர் கெயின்ஸ் கணக்குச் சொன்னார். அதாவது வெளிநாட்டுக்காரனுக்கு வெல்ஷ் நிலக்கரி ஒரே நாளில் பத்து சதவீதம் விலை ஏறிய மாதிரி. முதலாளி என்ன செய்வான்? விலையைக் குறைத்து விற்றான். குறைத்ததை எங்கே பிடித்தான்? கூலியில். சுரங்கத்தில் கூலிதான் பெரிய செலவு, வேறு எதில் பிடிக்க முடியும்?

தங்கத்துக்குத் திரும்பி சுமார் இரண்டு மாதத்தில் சுரங்க முதலாளிகள் கூலிக் குறைப்பு நோட்டீஸ் கொடுத்துவிட்டார்கள். பிரதமர் பால்ட்வின் அரசு பயந்துபோய் ஒன்பது மாதத்துக்கு மானியம் கொடுத்தது. அந்த ஒன்பது மாதத்தையும் அரசு வேலைநிறுத்தத்தைச் சமாளிக்கும் ஏற்பாடுகளுக்குத்தான் பயன்படுத்தியது. மானியம் முடிந்தது, கதவடைப்பு தொடங்கியது. 1926 மே 3 நள்ளிரவு முதல் பொது வேலைநிறுத்தம். ரயில், டிராம், அச்சகம், துறைமுகம் எல்லாம் நின்றது. ஒன்பது நாளில் தொழிற்சங்கத் தலைமை கையைத் தூக்கிவிட்டது. சுரங்கக்காரர்கள் மட்டும் தனியாக நவம்பர் வரை தாக்குப்பிடித்தார்கள். கடைசியில் பசிதான் அவர்களை உள்ளே அனுப்பியது. கூலி குறைந்தது, ஏழு மணி நேரமாக இருந்த வேலை எட்டு மணி நேரமானது.

சுரங்கத் தொழிலாளர்களைப் 'பொருளாதார ஜகர்நாட்டின் பலிகள்' என்று கெயின்ஸ் எழுதினார். அந்த ஆங்கிலச் சொல் எங்கிருந்து போனது தெரியுமா? பூரி ஜகந்நாதர் தேரிலிருந்து. தேர்க்காலில் நசுங்கியவர்கள் என்று அர்த்தம். நம் ஊர்த் தேரை எடுத்துக்கொண்டுபோய் அவர்கள் ஊர் வங்கிக்குப் பெயர் வைத்திருக்கிறார்.

#4 மறுபக்கம்

உணர்ச்சி நன்றாக இருக்கிறது, கணக்கு ஒரு பக்கமாகச் சாய்கிறது.

முதலில் நிலக்கரி. 1923ல் பிரெஞ்சுப் படை ஜெர்மனியின் ரூர் பகுதிக்குள் புகுந்தது. ஜெர்மன் சுரங்கங்கள் முடங்கின. அந்த ஒரு வருடம் பிரிட்டிஷ் கரிக்கு யோகம், கேட்ட விலை கிடைத்தது. 1924ல் ரூர் மறுபடி ஓடத் தொடங்கியதும் விலை சரிந்தது. தங்கத்துக்குத் திரும்பியது 1925ல். அதாவது காய்ச்சல் முதலிலேயே வந்துவிட்டது, தங்கம் அதை ஏற்றிவிட்டது, அவ்வளவுதான். கப்பல்கள் கரியை விட்டு எண்ணெய்க்கு மாறிக்கொண்டிருந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போலந்துக் கரி வேறு மலிவாகச் சந்தைக்கு வந்தது.

கப்பல் கட்டும் தொழிலும் இதே கதைதான். போரில் மூழ்கிய கப்பல்களுக்கு ஈடாக உலகமே கட்டிக் குவித்ததில், 1920க்குப் பிறகு கப்பல் அதிகம், சரக்குக் குறைவு. பவுண்டு 4.86ல் இருந்தால் என்ன, 4.40ல் இருந்தால் என்ன, தேவையே இல்லாத கப்பலை எவன் வாங்குவான்?

பிரிட்டன் கரி, துணி, கப்பல், இரும்பு என்ற நான்கு கால் கட்டிலில் படுத்துக்கொண்டிருந்தது. நான்கு காலும் விக்டோரியா காலத்து மரம், போருக்கு முன்பே உளுத்திருந்தது. பத்து சதவீதத்தை மட்டும் பிடித்துக்கொண்டு பேசினால் இதெல்லாம் மறைந்துபோகும்.

#5 பழையரூபாய்

மறுபக்கம் சாருக்கு: ரூர் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். நானே அதை எழுதியிருக்க வேண்டும்.

ஆனால் தங்கத்தின் கெடுதல் அந்தப் பத்து சதவீதத்தோடு நிற்கவில்லை. அந்த விகிதத்தைக் காப்பாற்ற வட்டியை உயர்த்தியே வைத்திருக்க வேண்டியிருந்தது. வட்டி குறைந்தால் பணம் நியூயார்க்குக்கும் பாரிசுக்கும் ஓடும், பின்னாலேயே தங்கமும் ஓடும். அதனால் 1920களின் பின்பாதியில் வங்கி வீதம் பெரும்பாலும் நாலரை, ஐந்து சதவீதம். விலைவாசியோ இறங்கிக்கொண்டே வருகிறது. விலை இறங்கும்போது ஐந்து சதவீத வட்டி என்றால் உண்மையில் அது ஏழெட்டு சதவீதம் மாதிரி உறுத்தும். பழைய தொழில் சாகிறது, சரி. புதிய தொழில் தொடங்க எவன் இந்த வட்டிக்குக் கடன் வாங்குவான்?

அரசின் நிலையும் அதுதான். போர்க்கடன் பத்திரத்துக்கு ஐந்து சதவீத வட்டி. வரவு செலவில் ஐந்தில் இரண்டு பங்கு கடன் சேவைக்கே போனது. மிச்சத்தில் என்ன சாலை, என்ன வீடு?

இன்னொன்று. சர்ச்சில் கண்ணை மூடிக்கொண்டு இதைச் செய்யவில்லை. நிதித்துறையின் பெருமிதம் கொஞ்சம் குறைந்தாலும் தொழில்துறை மனநிறைவோடு இருந்தால் நல்லது என்ற பொருளில் 1925 பிப்ரவரியில் அவரே தன் அதிகாரிக்கு எழுதியிருக்கிறார். மார்ச்சில் விருந்து வைத்து கெயின்சையும் கூப்பிட்டு வாதம் கேட்டார். கடைசியில் இங்கிலாந்து வங்கியின் ஆளுநர் மாண்டேகு நார்மன் பக்கமே சாய்ந்தார். சந்தேகம் இருந்தும் கையெழுத்துப் போட்டவர் மேல்தான் எனக்கு அதிகக் கோபம்.

#6 கோவைமில்

கட்டிலின் துணிக் கால் பற்றி நான் சொல்கிறேனுங்க. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை மில் வேலை.

1913ல் துணி மில்கள் நிறைந்த இங்கிலாந்தின் லங்காஷயர் வெளிநாட்டுக்கு அனுப்பியது சுமார் 700 கோடி கெஜத் துணி. அதில் 300 கோடி கெஜம் இந்தியாவுக்கு மட்டும். 1930களின் கடைசியில் இந்தியா வாங்கியது 50 கோடி கெஜத்துக்கும் கீழே. இதைப் பவுண்டு விகிதத்தை வைத்து விளக்க முடியாது.

நாங்கள் சின்ன வயதில் கேட்டது கதரும் அந்நியத் துணி பகிஷ்காரமும்தான். அது உண்மை, ஆனால் பாதி. போர்க்காலத்தில் லங்காஷயர் துணி வராதபோது பம்பாய், அகமதாபாத் மில்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. அப்புறம் ஜப்பான் மலிவாக உள்ளே வந்தது. மூன்றாவது சுங்க வரி. போருக்குப் பிறகு இந்திய அரசுக்குத் தன் வரியைத் தானே போட்டுக்கொள்ள ஓரளவு உரிமை கிடைத்தது. வருமானம் போதாத டில்லி அரசாங்கம் துணி மேல் வரியை ஏற்றிக்கொண்டே போய், 1931ல் பிரிட்டிஷ் துணிக்கே 25 சதவீதம் ஆக்கிவிட்டது. வெள்ளைக்கார அரசாங்கமே வெள்ளைக்காரன் துணிக்கு வரி போட்ட காலம்.

கோவைக்கு 1932ல் பைக்காரா மின்சாரம் வந்தது. மலிவான கரண்ட், பக்கத்திலேயே பருத்தி. அந்தப் பத்து வருடத்தில் எங்கள் பக்கம் மில் சங்கு புதிது புதிதாகக் கேட்க ஆரம்பித்தது. அங்கே லங்காஷயரில் தறிகளை உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

வட்டமேசை மாநாட்டுக்குப் போன காந்தி 1931 செப்டம்பர் கடைசியில் லங்காஷயருக்கே போய் வேலையிழந்த மில் தொழிலாளிகளைப் பார்த்தார். அடி விழும் என்று பயந்தவர்களும் உண்டு. அந்தத் தொழிலாளிகளோ கூடி நின்று ஆரவாரம் செய்து படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படத்தை எப்போது பார்த்தாலும் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். சோற்றைப் பறித்தவன் என்று சொல்லப்பட்ட ஆளின் பக்கத்தில் நின்று சிரிக்கிறார்கள்.

#7 திண்ணைவாசி

அடேங்கப்பா. ஒரு கேள்விக்கு இத்தனை கதவு திறக்கும் என்று நினைக்கவில்லை.

1920கள் ஓரளவு புரிகிறது. காந்தி லண்டனில் இருந்த அதே செப்டம்பரில்தான் பிரிட்டன் தங்கத்தை விட்டது, இல்லையா? அது எப்படி நடந்தது? விட்டவுடன் எல்லாம் சரியாகிவிட்டதா?

#8 பழையரூபாய்

ஆமாம், அதே மாதம். ஒரு நாவலுக்குரிய எட்டு வாரம் அது.

1931 மே மாதம் ஆஸ்திரியாவில் கிரெடிட்டான்ஸ்டால்ட் என்ற பெரிய வங்கி விழுந்தது. ஜூலையில் ஜெர்மன் வங்கிகள் கதவடைத்தன. அங்கே லண்டன் போட்டிருந்த பணம் மாட்டிக்கொண்டது. உடனே மற்றவர்களுக்குச் சந்தேகம் வந்தது, லண்டனிடம் நம் பணம் பத்திரமா? எடுக்க ஆரம்பித்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ஜூலை 31ல் மே குழு என்ற ஒரு குழு அறிக்கை விட்டது. மே என்பது தலைவரின் பெயர், மாதம் அல்ல. பட்ஜெட்டில் 12 கோடி பவுண்டு துண்டு விழும், செலவை வெட்டுங்கள், முக்கியமாக வேலையில்லாதவர்களுக்குக் கொடுக்கும் படியை வெட்டுங்கள் என்றது. ஆட்சியில் இருந்ததோ ராம்சே மெக்டொனால்டின் தொழிற்கட்சி. ஏழையின் படியை வெட்டு என்றால் அந்தக் கட்சியில் எத்தனை பேர் கை தூக்குவார்கள்? ஆகஸ்ட் 23 இரவு அமைச்சரவை இரண்டாகப் பிளந்தது. மறுநாள் மெக்டொனால்டு எதிர்க்கட்சிகளோடு சேர்ந்து தேசிய அரசு அமைத்தார். அவரது கட்சி அவரை வெளியே தள்ளியது. தங்கத்தைக் காப்பாற்றுவதற்கென்றே உட்கார்ந்த அரசு அது.

படி 10 சதவீதம் வெட்டப்பட்டது. கடற்படைச் சம்பளத்திலும் கை வைத்தார்கள். கீழ்நிலை மாலுமிக்கு விழுந்த அடி பெரிது. செப்டம்பர் 15ல் ஸ்காட்லாந்தின் இன்வர்கார்டனில் நின்ற போர்க்கப்பல்களில் மாலுமிகள் வேலைக்கு வர மறுத்தார்கள். பிரிட்டிஷ் கடற்படையே மக்கர் செய்கிறது என்ற செய்தி உலகச் சந்தைக்குப் போனால் என்ன ஆகும்? ஆறே நாளில், செப்டம்பர் 21ல், தங்கத் திட்டம் கைவிடப்பட்டது.

வானம் இடிந்து விழவில்லை. பவுண்டு 4.86லிருந்து மூன்றேகால், மூன்றரை டாலருக்கு இறங்கியது. தெருவில் யாரும் நோட்டைக் கூடையில் சுமக்கவில்லை. 'இப்படிச் செய்யலாம் என்று எங்களுக்கு யாருமே சொல்லவில்லையே' என்று பழைய தொழிற்கட்சி அமைச்சர் ஒருவர் அங்கலாய்த்ததாக ஒரு கதை உண்டு. பெயரை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள்.

1932 ஜூனில் வங்கி வீதம் 2 சதவீதம். அதே மாதக் கடைசியில் நிதியமைச்சர் நெவில் சேம்பர்லின் 200 கோடி பவுண்டுக்கு மேற்பட்ட போர்க்கடன் பத்திரங்களின் வட்டியை ஐந்திலிருந்து மூன்றரை ஆக்கினார். தேசபக்தி என்ற பெயரில் பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பத்திரங்களைப் பிரிட்டன் அடைத்து முடித்தது 2015ல்!

#9 மறுபக்கம்

இந்த இடத்தில் பழையரூபாய் ஐயாவோடு எனக்குச் சண்டை இல்லை. பிரிட்டன் தங்கத்தை விருப்பத்தோடு விடவில்லை, கை நழுவி விழுந்தது. ஆனால் முதலில் விழுந்ததே அதிர்ஷ்டமாகிவிட்டது. அமெரிக்கா 1933 வரை, பிரான்ஸ் 1936 வரை பிடித்துக்கொண்டு தொங்கின. யார் எப்போது விட்டார்கள் என்று வரிசைப்படுத்திப் பார்த்தாலே யார் எப்போது எழுந்தார்கள் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

மலிவான வட்டி எங்கே போனது? வீட்டுக்கு. 1930களின் நடுவில் வருடத்துக்கு மூன்று லட்சத்துக்கு மேல் வீடுகள் கட்டினார்கள். லண்டனைச் சுற்றி இன்றைக்கும் வரிசை வரிசையாக நிற்கிற, ஒட்டிப் பிறந்த இரட்டைப் பிள்ளை மாதிரியான வீடுகளெல்லாம் அந்தக் காலத்து வரவு. நானூறு, ஐந்நூறு பவுண்டுக்கு வீடு. வீட்டுக்கடன் வட்டி ஆறிலிருந்து நாலரைக்கு இறங்கியது. எழுத்தர், ஆசிரியர், தேர்ந்த தொழிலாளி எல்லாம் முதல்முறையாகச் சொந்த வீட்டுக்காரர் ஆனார்கள்.

வீடு என்றால் அதற்குள் மின்விளக்கு, இஸ்திரிப் பெட்டி, ரேடியோ. 1926ல் தொடங்கிய மத்திய மின்சார வாரியம் நாடு முழுக்கக் கம்பி இழுத்தது, 1933ல் அந்த வலைப்பின்னல் ஓட ஆரம்பித்தது. காவென்ட்ரியிலும் ஆக்ஸ்போர்டிலும் கார் தொழிற்சாலைகள். 1932ல் வந்த பத்து சதவீத இறக்குமதி வரி இவற்றுக்குக் குடை பிடித்தது. உணவுப்பொருள் விலை உலகெங்கும் சரிந்ததால், வேலையில் இருந்தவனுக்கு வாங்கும் சக்தி கூடியது. வேலையில் இருந்தவனுக்கு, அதைக் கவனியுங்கள்.

1932லிருந்து 1937 வரை வருடத்துக்குச் சுமார் 4 சதவீத வளர்ச்சி. அந்த நாட்டு அளவுக்கு அது பிரமாதம். 'முப்பதுகள் என்றால் பஞ்சம்' என்பது முழு உண்மை இல்லை.

#10 டைன்கரை

நான் இங்கிலாந்தின் வடகிழக்கில் இருக்கிறேன், தாதி வேலை. மறுபக்கம் எழுதின இரட்டை வீடுகளை லண்டனுக்குப் போனால் பார்க்கிறேன். எங்கட பக்கத்தில் வேறு கதை.

ஜாரோ என்ற ஊர் இங்கிருந்து கிட்டத்தான். பாமர்ஸ் என்ற கப்பல் கட்டும் தளத்தை நம்பி இருந்த ஊர். அது 1930களின் தொடக்கத்தில் மூடுப்பட்டது. வெறுமனே மூடினால் பரவாயில்லை. கப்பல் முதலாளிகள் சேர்ந்து, உபரித் தளங்களை வாங்கி மூடுவதற்கென்றே ஒரு கம்பனி வைத்திருந்தார்கள். அந்தக் கம்பனி பாமர்சை வாங்கி, இனி நாற்பது வருடத்துக்கு இங்கே கப்பல் கட்டக்கூடாது என்று நிபந்தனை போட்டது. ஊரின் கழுத்தில் கயிறு.

1934ல் ஜாரோவில் வேலையில்லாதவர்கள் நூற்றுக்கு 68 பேர். வேல்சில் மெர்தர் டிட்பிலில் 62. அதே வருடம் காவென்ட்ரியிலும் ஆக்ஸ்போர்டிலும் 5, லண்டனுக்குப் பக்கத்தில் செயின்ட் ஆல்பன்சில் 4. ஒரே நாடு, ஒரே நாணயம், ஒரே வட்டி.

1936 அக்டோபரில் இருநூறு ஆண்கள் மனுப்பெட்டியோடு லண்டனுக்கு நடந்தார்கள். அவர்களின் எம்பி எலன் வில்கின்சன், குள்ளமான சின்ன உருவம், வழியில் பல இடங்களில் கூடவே நடந்தார். ஏறத்தாழ 450 கிலோமீட்டர். மனுவைப் பாராளுமன்றம் வாங்கி வைத்தது, விவாதம் ஒன்றும் நடக்கவில்லை. திரும்பி வந்தவர்களுக்குப் படிக்காசில் பிடித்தம்: நடந்துகொண்டிருந்த நாட்களில் வேலை கிடைத்திருந்தால் போக முடியாத நிலையில் இருந்தார்களாம்.

நான் பார்க்கிற வயோதிபர்களில் ஒருவர், பேரன் முறையானவர், சொன்னார்: தாத்தா நடந்ததைப் பற்றிக் கதைக்கவே மாட்டாராம். பூட்ஸைப் பற்றி மட்டும் கதைப்பாராம், நல்ல பூட்ஸ் என்று.

#11 சுரங்கவிளக்கு

டைன்கரை அக்கா, நன்றி. இதை அப்படியே எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

மறுபக்கத்துக்கு: 4 சதவீதம் வளர்ந்தது யாருக்கு? 1933 ஜனவரியில் கணக்கில் வந்த வேலையில்லாதவர்களே முப்பது லட்சத்தை நெருங்கினார்கள். 1931லிருந்து வீட்டு வருமானச் சோதனை வேறு. அதிகாரி வீட்டுக்குள் வந்து பார்ப்பான். மகளுக்குக் கடையில் வேலை இருந்தால் அப்பாவின் படி குறையும். கிழவியின் ஓய்வூதியத்தையும் கணக்கில் சேர்ப்பான். கூடுதலாக ஒரு நாற்காலி இருந்தால் 'இதை விற்கலாமே' என்பான். சம்பாதிக்கிற பிள்ளை பெற்றவர்களை விட்டுத் தனியாகப் போனால்தான் பெற்றவர்களுக்குச் சோறு. குடும்பத்தைப் பிரித்த சட்டம் இது. இதையும் அந்த 4 சதவீதத்தில் எழுதுங்கள். இப்போது நம் ஊரில் நடப்பதும்...

[மீதிப் பகுதி நெறியாளரால் நீக்கப்பட்டது]

#12 நெறியாளர்

இன்றைய அரசியலுக்கு வேறு இழை இருக்கிறது. இங்கே 1939 வரைதான்.

#13 மறுபக்கம்

சுரங்கவிளக்கின் கோபம் நியாயமானதுதான். நான் 'வேலையில் இருந்தவனுக்கு' என்று அழுத்திச் சொன்னதும் அதனால்தான். ஆனால் இதையும் யோசியுங்கள். தங்கத்தை விட்டது ஜாரோவைக் காப்பாற்றவில்லை. வட்டி 2 சதவீதமாக இருந்தும் தளம் திறக்கவில்லை. 1934ல் பின்தங்கிய பகுதிகளுக்கு என்று தனிச் சட்டமே போட்டார்கள், கொடுத்தது சில்லறை. அந்த ஊர்களுக்குப் பெரிய அளவில் வேலை வரத் தொடங்கியது 1936க்குப் பிறகு, ஹிட்லருக்குப் பயந்து கப்பலும் உருக்கும் மறுபடி தேவைப்பட்டபோது. அப்போதும் 1938ல் நாடு முழுக்க வேலையில்லாதவர்கள் பதினெட்டு லட்சம். ஆகவே என் பழைய கட்சியை நான் விடவில்லை: தங்கம் பாதி, உளுத்த கட்டில் பாதி.

#14 வெள்ளாமை

இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எல்லோரும் பவுண்டு தங்கத்தை விட்டதைப் பற்றியே பேசுகிறீர்கள். அன்றைக்கு ரூபாய்க்கு என்ன ஆனது?

எங்கள் ஊர் தஞ்சைப் பக்கம். பாட்டி சொல்வாள்: 'நெல்லு விலை பாதியாப் போச்சு, கிஸ்தி மட்டும் குறையலை. காசு மாலை போச்சு, ஒட்டியாணம் போச்சு, வட்டிக்கடையில வச்சதெல்லாம் மூழ்கிப்போச்சு.' முப்பத்திரண்டு, முப்பத்திமூன்றில் நடந்ததாக இருக்க வேண்டும். இதற்கும் லண்டனுக்கும் தொடர்பு உண்டா?

#15 பழையரூபாய்

நேரான தொடர்பு உண்டு, வெள்ளாமை அவர்களே. இதைக் கேட்க ஒருவர் வருவார் என்றுதான் காத்திருந்தேன்.

1927ல் ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று சட்டம் போட்டுக் கட்டினார்கள் (அன்றைக்கு ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ்). அந்தக் கணக்கில் ஒரு சவரன் 13 ரூபாய் 5 அணா 4 பை. பம்பாய் வணிகர்கள் 1 ஷில்லிங் 4 பென்ஸ் போதும், சவரன் 15 ரூபாயாக இருக்கட்டும் என்று கத்தினார்கள். யாரும் கேட்கவில்லை. சர்ச்சில் பவுண்டுக்குச் செய்ததை டில்லி ரூபாய்க்குச் செய்தது. பணத்தின் மதிப்பு கூடுதல், விளைபொருளுக்கு விலை குறைவு.

1931 செப்டம்பரில் பவுண்டு தங்கத்தை விட்டபோது ரூபாயையும் அவிழ்த்து விட்டிருக்கலாம். செய்யவில்லை. அதே 1 ஷில்லிங் 6 பென்சில் பவுண்டோடு கட்டியே வைத்தார்கள். பவுண்டு தங்கத்துக்கு எதிராக விழ, ரூபாயும் கூடவே விழுந்தது. விளைவு, ரூபாயில் தங்க விலை ஏறியது. நெல்லுக்கு விலை இல்லை, கிஸ்தியும் வட்டியும் காசாகக் கட்ட வேண்டும், வீட்டில் விலை ஏறின பொருள் ஒன்றே ஒன்று, கழுத்தில் கிடக்கிறது. உங்கள் பாட்டி மட்டும் அல்ல, நாடு முழுக்க விற்றார்கள். தட்டார் உருக்கினார், பம்பாய் வழியாகக் கப்பலேறியது. நூற்றாண்டுக் கணக்கில் தங்கத்தை உள்ளே இழுத்துக்கொண்டிருந்த நாடு, சில வருடங்களில் 200 கோடி ரூபாய்க்கு மேல் தங்கத்தை வெளியே அனுப்பியது. தடை போடுங்கள் என்று இந்தியத் தலைவர்கள் கேட்டார்கள். அரசு போடவில்லை. அந்தத் தங்கத்தால் இந்தியா லண்டனுக்குக் கட்ட வேண்டியது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது, பவுண்டும் தெம்பாக நின்றது.

திண்ணைவாசி, நீங்கள் கேட்ட 'கெட்ட காலத்தில் சாப்பாடு' எங்கிருந்து வந்தது என்பதற்கு மறுபக்கம் சொன்ன மலிவு வட்டி ஒரு பதில். அந்த வட்டியை 2 சதவீதத்தில் வைக்க லண்டனுக்குத் தைரியம் கொடுத்ததில் இந்தத் தங்கத்துக்கும் பங்கு உண்டு.

#16 கோவைமில்

1932ல் ஒட்டாவாவில் பேரரசு நாடுகள் கூடி, ஒருவர் சரக்குக்கு ஒருவர் வரிச்சலுகை கொடுப்பதாகப் பேசினார்கள். இந்தியக் குழுவில் எங்கள் ஊர் ஆர்.கே. சண்முகம் செட்டியார் இருந்தார், பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர். பிரிட்டனுக்குச் சலுகை கொடுத்துவிட்டு வந்தார் என்று அவரை அன்றைக்குத் திட்டாத பேச்சாளர் இல்லை. எங்கள் தாத்தா திட்டமாட்டார். மில்காரர் ஆயிற்றே.

#17 வெள்ளாமை

பழையரூபாய் ஐயா, நன்றி. பாட்டியின் காசு மாலையில் ஒரே ஒரு காசு மட்டும் தப்பித்து எங்கள் வீட்டில் இருக்கிறது. ராஜா தலை, பின்னால் குதிரைமேல் ஒரு வீரன் பாம்பை மிதிக்கிறான். 1925 என்று போட்டிருக்கிறது.

#18 பழையரூபாய்

பாம்பு இல்லை, டிராகன். குதிரைமேல் இருப்பவர் புனித ஜார்ஜ்.

1925 என்றால் ஒரு சிக்கல் உண்டு. சர்ச்சில் தங்கத்துக்குத் திரும்பிய அதே வருடம் லண்டன் நாணயச்சாலை சவரன் அடித்தது உண்மை. ஆனால் 1949லிருந்து சில வருடம் அதே 1925 தேதியோடு மறுபடியும் அடித்தார்கள். இரண்டையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்வது கஷ்டம். அந்தக் காசு வீட்டுக்கு எப்போது வந்தது என்று பாட்டி எதாவது சொல்லியிருக்கிறாளா? மாலையில் கோக்க விளிம்பில் வளையம் வைத்துப் பற்றவைத்த தடம் இருக்கிறதா? இரண்டு பக்கமும் படம் எடுத்துப் போடுங்கள், பார்க்கலாம்.